எக்ஸ்பியில் இருக்கிறவர்

— அழுத்தட்டுமாக்கா?

— இருங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க.

— காலையிலேர்ந்து பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல பழைய எக்ஸ்பி போயி புது விண்டோஸ் ஏறும், அவ்வளவுதான். ராக்கெட்டா விடப்போறோம்?

— எம் பொண்ணு அஃப்ரீனுக்குக் காலேஜ் விண்ணப்பம் இதுல தொறக்க மாட்டேங்குதாம். ஒரே அழுவை.

— தொறக்காது. எக்ஸ்பி காலம் முடிஞ்சுபோச்சு. முத்துப்பேட்டையிலயே இன்னும் அதை வச்சுக் காப்பாத்துறது நீங்களும் நானும்தான். எனக்குப் பேரு என்னமோ ராஜராஜன், அரண்மனை மாடிப்படிக்குக் கீழ இந்த ரிப்பேர் கடை. புதுசு வாங்க வக்கில்லை. உங்களுக்கு என்ன வந்துச்சு?

— இதுல மெசஞ்சர் இருக்கு தம்பி.

— அந்த மஞ்ச மூஞ்சியா? இப்ப யாருக்கா அதுல பேசுறா?

— யாரும் பேசலை. பேசினது உள்ள கெடக்கு. எங்க வீட்டுக்காரங்க, அஃப்ரீன் அத்தா, அரபு நாட்டுல தம்மாம்ல இருந்தப்ப எனக்குத் தட்டினது பூரா. புதுசுல அது வருமா?

— காப்பி எடுக்கலாம். படிக்க முடியாது. அந்தப் பழைய மெசஞ்சர் இருந்தாத்தான் எழுத்தாத் தெரியும். புதுசுல அது ஏறாது.

— பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம்னு வைக்க முடியாதா?

— டிஸ்க்ல இடமில்லையே. அதுவும் அரிசி மில்லு கணக்கா சத்தம் போடுது, கேளுங்க. பொங்கல் வரைக்கும் தாங்குச்சுன்னா ஜாம்பவானோடை தர்காவுல நான் சக்கரை ஓதி எல்லாருக்கும் குடுக்கிறேன். வேணும்னா அத்தனையும் பிரிண்ட் போட்டுத் தரட்டுமா?

— காகிதமா வீட்டுல எங்க வைக்கிறது? கண்ணுல பட்டா, என்ன கூத்து இதுன்னு கிழிச்சு அடுப்புல போட்டுருவாங்க.

— மாமியாரா?

— அவங்க மவுத்தாயி, அடக்கி ரொம்ப நாளாச்சு.

— சரி, நமக்கு எதுக்கு. அப்படி என்னதான் எழுதியிருக்காங்க? எங்க வீட்டுலேர்ந்து எனக்கு வர்றதெல்லாம் “பால் பாக்கெட்”. அதுக்கு நான் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அதோட அன்னைக்குக் குடும்பம் முடிஞ்சது.

— வெள்ளிக்கிழமை அவங்களுக்கு லீவு. ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து உக்காருவாங்க. இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேப்பாங்க. கொடுவா மீன்னு தட்டுவேன். அங்க காஞ்ச குப்பூஸ் ரொட்டியை வச்சுக்கிட்டு, “இன்னொரு தடவ தட்டு, தொட்டுக்கிறேன்”னு எழுதுவாங்க.

— அப்புறம்?

— அவங்க ரொட்டி தீர்ற வரைக்கும் நான் கொழம்பு, கொழம்புன்னு தட்டிக்கிட்டே இருப்பேன். பக்கம் பூரா அதான் இருக்கும். யாராச்சும் பாத்தா பைத்தியம்னு சொல்லும்.

— அதெல்லாம் சொல்லாதுக்கா. மேல சொல்லுங்க.

— பொறந்த வீட்டுல ‘ஏ புள்ள’. வந்த வீட்டுல ‘இந்தா’. கமருன்னிஸான்னு முழுப்பேரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை தம்பி. இதுல மட்டும்தான் இருக்கு.

— புது டிஸ்க் ஒண்ணு போட்டுட்டு, இதை அப்படியே கழட்டித் தரேன். காசு பொறவு பாத்துக்கலாம்.

— கழட்டினதைப் படிக்க முடியுமா?

— முடியாது. இருக்கிற சத்தத்துக்கு இன்னொரு தடவ மாட்டி ஓட்டினா டிஸ்க் செத்துரும். கையில வச்சுக்கிட்டுப் பாக்கலாம்.

— பாத்து என்ன பண்ண? அழுத்துங்க தம்பி.

— என்னக்கா திடீர்னு?

— அவ படிச்சாவது போவட்டும். வராத ரொட்டிக்கு நான் எத்தனை நாளைக்குக் கொழம்பு தட்டுறது? அழுத்துங்கன்னா.

— எனக்குக் கை வரலைக்கா. ஊருல பாதிப் பேரு கல்யாண போட்டோவைக் கைதவறி அழிச்ச கை இது. இது போய்ச் சேந்தவங்க எழுத்து.

— யாரு போய்ச் சேந்தது?

— அண்ணன்தான். அஃப்ரீன் அத்தா.

— எதிர்த்தாப்ல டீக்கடையில உக்காந்திருக்காங்க தம்பி. ஊரோட வந்து நாலு வருசமாவுது. இதுல தட்டினதுல ஒரே ஒரு வார்த்தையை வாயால சொல்லியிருந்தாங்கன்னா, நான் எதுக்கு இந்தப் பொட்டியைக் கட்டி அழுவுறேன்?