கவனிச்சுட்டு வாங்க

ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை பகல் முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் முதலில் கெடுவது வீட்டுக்காரியின் நிம்மதிதான். நான் அப்படி இருக்க விரும்பவில்லை. அதனால்தான் படகு வாங்கினேன்.

சின்னப் படகு, ஐயா. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒருவரைப் படுக்க வைக்கலாம். பின்னால் ஒரு மோட்டார். அது மக்கர் செய்தால் துடுப்பு. டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகப் போவோம். எங்களுக்கு எந்த அவசரமும் கிடையாது. எங்கே நிழல் தெரிகிறதோ அங்கே நிறுத்துவோம். என் மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து கம்பளி நூலில் குல்லா பின்னிக்கொண்டே வருவாள். யாருக்கு என்று கேட்டால், "வழியில யாருக்காவது தலை குளிரும்ல" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவள் குல்லாவுக்கு எப்போதும் ஒரு தலை கிடைத்துவிடும்.

படகைத் தண்ணீரில் இறக்க வேண்டுமானால் டிரெய்லரைச் சரிவில் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதோ என்னவோ. டிரெய்லர் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். என் மனைவி பின்னால் நின்றுகொண்டு, "வலது, வலது, இன்னும் கொஞ்சம் வலது" என்று கையாட்டுவாள். நான் இடப்பக்கம் திருப்புவேன். அவள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தால்தான் அவள் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரும். இதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள். அதற்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும்.

நான் சிறையில் தலைமைக் காவலராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். மேலதிகாரி ஒரு கைதியைக் காட்டி, "இவனைக் கொஞ்சம் கவனி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தக் கைதியைக் கோடியறைக்குக் கூட்டிப்போவேன். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தால் தோலில் அடையாளம் விழாது. உள்ளங்காலில் அடித்தால் மறுநாள் நடக்கும்போதுதான் தெரியும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

வீட்டிலும் அதே சொல்தான். "செடியக் கவனிச்சீங்களா", "பக்கத்து வீட்டம்மாவுக்குக் காய்ச்சல், கொஞ்சம் கவனிக்கணும்" என்பாள். சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள்: "உள்ள இருக்கிற பாவப்பட்டவங்கள எங்க வீட்டுக்காரர் நல்லா கவனிப்பாரு." நான் திருத்தியதில்லை. சில நாள் சாப்பாடு போடும்போது, "இன்னிக்கு யாரக் கவனிச்சீங்க?" என்று கேட்பாள். நான் உண்மையைத்தான் சொல்வேன். "ரெண்டு பேர." உடனே அவள் கண்ணை மூடி அந்த இரண்டு பேருக்காகவும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்வாள்.

ஓய்வுக்குப் பிறகு யாரும் என்னிடம் யாரையும் கவனிக்கச் சொல்லவில்லை. கைகள் சும்மா இருந்தன. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. தெரிய இன்னும் காலம் இருக்கிறது.

முதல் ஆள் பெரிய கார்க்காரன். சரிவில் நாங்கள் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு தலையை வெளியே நீட்டி என் மனைவியிடம், "கையக் கால ஆட்டினது போதும், ஓரம் போம்மா. போய்ச் சேர்ற வயசுல படகு ஒரு கேடு" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசந்தான் தம்பி" என்று சொல்லி ஒதுங்கி வழிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நாணல் புதருக்கு அந்தப் பக்கம் அவன் தன் மோட்டாரோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது. அது உறுமுவதும் அணைவதுமாக இருந்தது. மனைவி மரத்தடியில் பாயை விரித்து என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாவங்க. வீட்ல என்ன சண்டையோ, நம்ம மேல காட்டிட்டாரு. தனியாக் கெடந்து அல்லாடுறாரு பாருங்க. போய்க் கொஞ்சம் கவனிச்சுட்டு வாங்க" என்றாள். பிளாஸ்க்கில் தேநீரும், அன்று காலையில் முடித்த நீலக் குல்லாவும் என் கையில் கொடுத்தாள்.

அந்தச் சொல்லை ஒருவர் எனக்கு உத்தரவாகச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

படகை டிரெய்லரில் இழுத்து ஏற்றுகிற உருளைக்கு ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு படகிலேயே போனேன். அவன் தன் படகுக்குள் குனிந்திருந்தான். என்னைப் பார்த்து, "என்ன பெருசு, ரோஷமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான். காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. சிறையில் அந்த இடத்தில் அடிக்கவே கூடாது என்பது விதி. முதல் அடிக்கு அவன் மோட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவதற்கு என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாக இல்லை, சொன்னது காதில் விழாதவன் பார்ப்பதுபோல் பார்த்தான். மூன்றாவது தேவையே இல்லை, ஆனாலும் அடித்தேன். அவனைத் தண்ணீருக்குள் தள்ளி, என் துடுப்பால் கழுத்தை அழுத்திக் குமிழிகள் நிற்கும் வரை பிடித்திருந்தேன். அவன் படகை அவிழ்த்துவிட்டேன். கைப்பிடியைக் கழுவினேன். தேநீரை ஏரியில் ஊற்றினேன். பிளாஸ்க் காலியாகத் திரும்ப வேண்டுமே.

"குடிச்சாரா?" என்றாள்.

"குடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"வெக்கப்பட்டிருப்பாரு" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு பொல்லாத மனிதனை ஒரு கோப்பைத் தேநீர் திருத்திவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தவறி விழுந்து செத்தான் என்று அந்த ஊரில் முடிவுகட்டியது அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. நாங்கள் அடுத்த ஏரிக்குப் போய்விட்டோம்.

அந்தக் குல்லாவைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். புத்தியுள்ளவன் எறிந்திருப்பான். அவள் கையால் பின்னியதை எறிய எனக்கு மனம் வரவில்லை. படகின் முன்மூக்கில், பலகைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. ஈரம் படாது. அதற்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு வந்தவற்றையும் அங்கேதான் வைத்தேன்.

கால்வாய்க்கரையில் நாயை உதைத்தவனைப் பற்றி நேற்றே சொல்லிவிட்டேன். அன்று அவள் சொன்னது இதுதான்: "நாயையும் கவனிங்க, அந்த ஆளையும் கவனிங்க. அவருக்கு என்ன வேதனையோ." நாய்க்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன், அதன் விலாவில் இருந்த காயத்துக்கு மருந்தும் தடவினேன். அவனை நங்கூரக் கயிற்றால் முடித்து, நங்கூரத்தோடு விட்டேன். புது நங்கூரம் வாங்கவேண்டி வந்தது. நாயை மட்டும் ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். அது வேறு விஷயம், ஐயா.

விடுதிக் காவல்காரரைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏரிக்கரையில் பத்து அறை கொண்ட விடுதி. எங்கள் பெட்டிகளை அவர்தான் தூக்கி வந்தார். நாங்கள் எழுவதற்கு முன்பே வாசலில் வெந்நீர் வாளி இருக்கும். கார்க் கண்ணாடியில் படிந்த பனியை, யாரும் சொல்லாமலே, தன் துண்டால் துடைத்து வைத்திருப்பார். ஓயாமல் இருமினார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என் மனைவி அவருடைய கதையெல்லாம் கேட்டாள். பெண்சாதி போய்விட்டாளாம், மகள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறாளாம்.

"உங்க தலைக்கு அளவெடுக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டு நூலை அவர் தலையில் சுற்றினாள்.

"மூளைக்கும் சேத்து அளவெடுத்துக்கம்மா, ரொம்ப வேணாம், கொஞ்சந்தான் இருக்கு" என்றார் அவர். அவள் சிரித்த சிரிப்பு அறைக்குள் படுத்திருந்த எனக்குக் கேட்டது.

சிவப்புக் குல்லா. காதுக்குக் கூடுதல் மடிப்பு வைத்துப் பின்னினாள். நாங்கள் கிளம்புகிற காலையில் பனிமூட்டமாக இருந்தது. காவல்காரர் படகுத்துறையில் குனிந்து ஒரு படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். குல்லாவை என்னிடம் கொடுத்து, "அவருக்கு யாருமே இல்லைங்க. நல்லா கவனிச்சுட்டு வாங்க" என்றாள். 'நல்லா' என்றாள். மற்றவர்களுக்கு அவள் அப்படிச் சொன்னதில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "தங்கச்சி அனுப்பிச்சாங்களா? உங்கள மாதிரி குடுத்துவெச்ச ஆளு யாருண்ணே" என்றார். குல்லா என் கோட்டுப் பையில் இருந்தது. அதன் நுனி வெளியே தெரிந்திருக்க வேண்டும். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். நானே போட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, முதுகில் முழங்காலை ஊன்றினேன். இருமுகிறவருக்கு மூச்சு அதிகம் இருக்காது என்று நினைத்தேன். ஆனால் இருந்தது. கை ஒன்று பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது; நகம் ஆழமாகப் பதிந்தது. கடைசியில் அந்தப் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வேலையில் அவசரப்படுவது எனக்குப் பழக்கமில்லை.

காரில் ஏறியதும் மனைவி என் மணிக்கட்டைப் பார்த்தாள். "முள்ளு கிழிச்சிடுச்சா? எதையும் பாத்து செய்யமாட்டீங்க" என்று மருந்து தடவினாள். "குல்லா சரியா இருந்துச்சா?" என்றாள். அளவெடுத்தது போல இருந்தது என்றேன்.

அத்தோடு போயிருக்கும். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவளுக்கு அவரை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஏரியில் தண்ணீர் வற்றிவிட்டது என்றேன். சாலை சரியில்லை, கார் இழுக்காது என்றேன். எதற்கும் அவள் மசியவில்லை. "நாம கவனிச்ச ஒருத்தரையாவது திரும்பிப் போய்ப் பாக்க வேணாமா?" என்றாள். நான் காரை வேறு ஏரிக்கு விட்டேன். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அவள் பின்னலைத் தொடர்ந்தாள்.

நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டை நான் காரிலேயே மறந்து வைத்திருந்தேன். அது முன்பெட்டிக்குள் இருக்கும் என்று நினைத்து, துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த என் இடுப்பிலிருந்து சாவியை அவளே உருவிக்கொண்டாள். நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது.

சிவப்புக் குல்லாதான் மேலே இருந்தது. அதை எடுத்தாள். அடியில் சாம்பல் நிறம், பச்சை, நீலம். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணவில்லை. மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"இத ஏன் குடுக்கல?" என்றாள்.

"நீதானம்மா கவனிக்கச் சொன்ன" என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்தாள். ஒரு பெண் இத்தனை வருடம் பரிமாறிய கைகளை அப்படிப் பார்க்கக் கூடாது, ஐயா. அந்த ஏரி ஆழமானது. மழையில் கரை தெரியவில்லை. அவளுக்கு நீச்சலும் தெரியாது. நான் எதுவும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனத்தில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அவளை யாரும் என்னிடம் கவனிக்கச் சொல்லவில்லையே.

"கரைக்கு விடுங்க" என்றாள். விட்டேன். "கார எடுங்க" என்றாள். எடுத்தேன். இடது என்றாள், வலது என்றாள். முன்பக்கமாக ஓட்டும்போது சொன்னபடியே திருப்பினால் போதும். உங்கள் காவல் நிலையத்து வாசலில், "நிறுத்துங்க" என்றாள். குல்லாக்கள் மடியிலேயே இருந்தன.

ஆக, கொன்றது நான்தான். கார்க்காரன், நாய்க்காரன், காவல்காரர். பச்சைக் குல்லாவுக்கு உரிய பெண்மணியை நீங்கள் இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை, இடத்தைக் காட்டுகிறேன். ஆனால் எதையும் நானாகச் செய்யவில்லை. சொல்லைக் கேட்டு நடந்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் கேட்டவன் மட்டும் என்ன செய்வான்? இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். இன்று காலை அவள் இங்கே வந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வராந்தாவில் உங்கள் ஏட்டிடம் பேசியது கம்பிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "அவருக்கு முட்டி வலி தம்பி, தரையில படுக்க முடியாது. அவரக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்றாள். ஏட்டு, "நல்லா கவனிக்கிறோம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவள் போன பிறகு ஏட்டு வாளியில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐயா, நீங்கள் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவள் சொன்னது ஒரு போர்வையையும் கொஞ்சம் தைலத்தையும்தான். அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.