ரப்பர் குழாயும் என் காதும்

நல்ல நாற்காலி கொடுத்தீர்கள் சார், நன்றி. முப்பது வருடமாக நான் முக்காலியில்தான் உட்கார்ந்து பழக்கம்.

என் தொழில் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். அதை டியூன் செய்ய எனக்கு ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை என் காதில். காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டே திருகைக் கால் சுற்று கூட்டுவேன், குறைப்பேன்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி, ஒரு சின்ன காரில் முன் சீட்டு ஒன்று, பின் சீட்டு, கார்பெட்டு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்திருந்தான். பெரிய கார்புரேட்டர்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சின்ன எஞ்சினுக்கு அது ஆகாது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திணறும் என்றேன். வாடிக்கையாளர்கள் நாலு பேர் அப்போது நின்றிருந்தார்கள்.

"விடுங்கண்ணே, உங்களுக்குத்தான் இப்பல்லாம் காதே கேக்கறதில்லையே. போன மாசம் நீங்க டியூன் பண்ண மூணு வண்டியையும் நான்தானே திரும்பச் சரி பண்ணேன்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் கேட்ட பெரியதையே வாங்கி வந்து நானே பொருத்தினேன். திடீரென்று மிதித்தால் கூடுதலாகக் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்ச அதில் ஒரு துளை உண்டு. உங்கள் காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஏட்டையாவிடம் சொல்லி அதை அடித்துவிடுங்கள். எந்தத் துளையையும் நான் கவனிக்காமல் விட்டதில்லை. ஈயத்தை உருக்கி அடைத்தேன். நிதானமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முந்தப் போகும்போதுதான் தெரியும்.

தம்பி மனைவி வந்து நின்றாள். "மாமா, நானும் அவரோட கார்ல போறேன். அந்த முன் சீட்டை மாட்டித் தர்றீங்களா?" இரண்டு முறை சொன்னாள், உரக்க. நல்ல பெண்தான். ஆனால் என்னிடம் எதையும் அப்படித்தான் சொல்வாள், கடையில் எத்தனை பேர் இருந்தாலும். நாலு போல்ட். நன்றாக இறுக்கிக் கொடுத்தேன்.

பாலத்தருகே லாரியை முந்தப் போயிருக்கிறான். எதிரே பஸ். எஞ்சின் இரண்டு நொடி திணறியது. நான் சொன்னபடியேதான்.

அந்தத் திணறலைப் பட்டறையில் இருந்தபடியே கேட்டேன் சார், அரை கிலோமீட்டர் தள்ளி. பஞ்சர் கடைக்காரர் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திரும்பினேன். வாசலில் நின்று ஐந்து நிமிடம் கத்தினாராம். அவர் எப்போதும் மிகைப்படுத்துகிற ஆள். என் காதில் ஒரு குறையும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னவோ கேட்கிறீர்கள், உதடு அசைகிறது. இந்த மின்விசிறி இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? நிறுத்திவிட்டுக் கேளுங்கள் சார்.

ஏன் இரண்டு பேரும் மேலே பார்க்கிறீர்கள்? அது ஓடவில்லையா?