அளவு சரிதான்

— நான் சொல்றதக் கேளுடா. முதலாளிகிட்ட நானே பேசிட்டேன். நாளைக்கு வந்து மறுபடியும் வெல்டிங்ல நில்லு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாரு.

— என்னால முடியாதுண்ணே.

— முடியாதாம்! பட்டறைக்கு வந்த டாக்டர் மூச்சளவு பாக்கக் குழாய்ல ஊதச் சொன்னாரு, ஊதின. நார்மல்னு வந்துச்சு. அப்புறம் என்ன? “உங்க தம்பிக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல, உடம்புதான் வளையல”ங்கிறான் நம்ம பட்டறை பெயிண்டர்.

— நீ என்ன சொன்ன?

— நானும் சிரிச்சு வச்சேன். வேற என்ன பண்றது?

— சரி, விடு. ஒரு கேள்வி கேக்கறேன். லாரி பாடிக்கு ஒரு தகடு அடிக்கிறோம். ஒரு பக்கம் இழுத்து நீண்டுடுச்சு, இன்னொரு பக்கம் சூட்டுல சுருங்கிடுச்சு. டேப் வச்சு அளந்தா மொத்த நீளம் சரியா இருக்கு. வண்டில ஏத்துவியா?

— தூக்கித் தூரப் போடுவேன்.

— என் நுரையீரல் அப்படித்தான் இருக்காம். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்கேன்ல காட்டுனாங்க. மேல்பக்கம் உப்பிப் போய், பொத்தல் பொத்தலா இருக்கு. கீழ்ப்பக்கம் தழும்பு மாதிரி இறுகிக் கெடக்கு. ஒண்ணு அளவக் கூட்டுது, இன்னொண்ணு குறைக்குது. அதான் ஊதினா நார்மல்னு வருது.

— அப்ப ஒண்ணுக்கொண்ணு நேராயிடுச்சுன்னு சொல்லு!

— அளவுதாண்ணே நேராச்சு. காத்து உள்ள போகுது, ரத்தத்துல சேர மாட்டேங்குது. அதப் பாக்குறதுக்குன்னே வேற டெஸ்ட்டு. அதுல இருக்க வேண்டியதுல பாதிகூட வரல. அப்புறம் விரல்ல கிளிப்ப மாட்டி வராந்தாவுல நடக்க விட்டாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் உக்காந்திருந்தப்ப ஒழுங்கா இருந்தது, நடக்க நடக்க கடகடன்னு இறங்கிடுச்சு. நர்ஸம்மா நாற்காலியத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க.

— பயந்துட்டியா?

— ரொம்ப. உங்கிட்ட சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு. கூடப் பொறந்தவனே நடிக்கிறேன்னு நெனச்சா, நான் எங்க போய் முட்டிக்கிறது?

— தப்புதாண்டா. அந்தப் பெயிண்டர் வாய நான் பாத்துக்கிறேன். குணமாயிடும்ல?

— கெட்டது கெட்டதுதானாம். மேல கெடாம இழுத்துப் பிடிக்க மாத்திரை பாக்கலாம்னாங்க. நடக்கிறப்ப ஆக்சிஜன் வேணும். சிகரெட்ட அடியோட விடணும், வெல்டிங் புகைப் பக்கமே போகக் கூடாது. முன்னாடியே வந்திருக்கலாமேன்னு கேட்டாங்க. நார்மல்ங்கிற ஒரு வார்த்தைய நம்பி நாளக் கடத்திட்டேன்.

— அந்த ஸ்கேன இங்க குடு, பாப்போம்.

— என்னண்ணே, அதையே திருப்பித் திருப்பிப் பாக்குற? வேலைய விடறேன்னு கோவமா?

— அதெல்லாம் இல்ல. அந்த டாக்டரம்மா… நாளைக்கு இருப்பாங்களா?

— இருப்பாங்க. நான் சொன்னதுல நம்பிக்கை வரலன்னா நீயே வந்து கேளு.

— நம்பிக்கை வந்துதாண்டா கேக்கறேன். குளிக்கிறப்ப தலைக்குத் தண்ணி ஊத்த கையத் தூக்குனாலே எனக்கு மூச்சு முட்டுது. உனக்கு அடுத்து அதே குழாய்ல நானும் ஊதினேன். எனக்கும் நார்மல்னுதான் வந்துச்சு.