கறுப்புக் கப்பல் படத்தை நான் ஊதாத் துணியில் சுற்றிய விபரம்

எனது பெயர் யாக்கோபு கத்தரீனா. வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது மன்னார், பேசாலை. தற்போது பலெர்மோ நகரத்தில், சீசாப் பகுதியில் குடியிருக்கிறேன். படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தண்டனையாக வாங்குக்கு மேல்தான் நின்றேன். தொழில் வீட்டு வேலை. இன்று பெரிய சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, மொழிபெயர்ப்பாளர் வேணுகா முன்னிலையில் சொல்வதாவது:

பக்கத்து ஊரான பகேரியாவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் சியோ அம்மாவின் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். அவர் யப்பான்காரி. கணவர் இந்த நாட்டவர், காலமாகிவிட்டார். களவு போனதாகக் கணவரின் தமையன் மகன் முறைப்பாடு செய்திருக்கும் படம் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. பட்டில் ஒட்டியது, பாய்போலச் சுருட்டலாம். கடலில் புகை கக்கிக்கொண்டு ஒரு கறுப்புக் கப்பல், கரையில் சனம். அமெரிக்கர் பீரங்கியோடு வந்து, கதவைத் திற, வியாபாரம் செய் என்று யப்பானை வெருட்டிய காலத்துப் படம் என்று சிஞ்ஞோரா சொன்னார். கரையில் கை கூப்பி நிற்கும் மீன்காரி அவருடைய பரம்பரைக்காரியாம்.

பார்க்கப் போகக் கூடாது என்று அதிகாரிகள் மறித்தும், சனம் சோற்று உருண்டை கட்டிக்கொண்டு குன்றில் ஏறியதாம். "பீரங்கிக்கு முன்னாலை பிக்னிக்கோ, சிஞ்ஞோரா?" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பயந்தார்கள். பசியும் எடுத்தது" என்றார். அதன் பிறகு, துறைமுகம் திறந்ததும் அரிசி விலை ஏறி மீன்காரி படகை விற்றாள் என்றும், அவள் மகன் அந்நியக் கப்பல்களுக்கு மூட்டை சுமந்தான் என்றும், கேளாமல் கதவைத் தள்ளியவர்களைத் தான் மன்னிக்கவில்லை, ஆனாலும் அந்தக் கதவால்தான் தானும் வெளியே வந்ததாகவும் சொன்னார். எங்கள் கரையிலும் நேவிக் கப்பல் வந்தால் ஒளிப்போம், ஒளித்தபடி எட்டியும் பார்ப்போம் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னை வேலைக்காரியாக நடத்தவில்லை.

ஒவ்வொரு காலையும் அந்தப் படத்துக்கு முன் சிஞ்ஞோரா தேத்தண்ணி வைத்துத் தலை குனிவார். ஆகையால் அதை நான் சாமிப்படமாகவே எண்ணியிருந்தேன்.

அதன் பிறகு, இந்தத் தவக்காலத்தில் சிஞ்ஞோரா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சத்திரசிகிச்சை நல்லபடி நடக்க நான் நேர்த்தி வைத்தேன். பெரிய கிழமைக்கு முன்பே எங்கள் ஆட்கள் சாமிப்படங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவோம். உயிர்ப்பு மணி அடித்த பிறகுதான் திறப்போம். சிஞ்ஞோராவின் படத்தை மட்டும் மூடாமல் விட்டால் நேர்த்தி குறைந்துபோகும் என்று நினைத்தேன். போர்த்த துணி பட்டில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த யூட்டைக் கூப்பிட்டேன். அவன் எங்கள் ஊரவன், பெண்சாதியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ளவன்.

"அக்கா, உது சாமிப்படமே? கப்பலெல்லோ நிக்குது" என்றான்.

"பேதுருவின்ரை படத்திலையும் வள்ளந்தான் நிக்குது. வாயை மூடிக்கொண்டு பிடி" என்றேன்.

சுருட்டி ஊதாத் துணியில் சுற்றினோம். ஆளில்லாத வீட்டில் சாமி தனியாகக் கிடக்கக் கூடாது என்று, என் வீட்டுச் சுரூபங்களோடு வைக்கச் சொல்லி யூட்டிடம் கொடுத்து ரயிலில் அனுப்பினேன். சிஞ்ஞோராவிடம் சொல்லவில்லை. நோவோடு கிடந்தவரை அலைக்கழிக்க மனம் வரவில்லை.

நீளப் பொட்டலத்தோடு அவன் படியிறங்கியதை அயலவர் கண்டு, தமையன் மகனுக்குச் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பெரிய வெள்ளி மாலை யூட்டை இங்கே கொண்டுவந்தார்கள். அக்கா சொல்லித்தான் எடுத்தேன் என்று அவன் சொன்ன நேரம், அந்த அக்காவாகிய நான் போனை நிறுத்திவிட்டுச் சிலுவைப்பாதையில் நின்றேன். களவு வழக்கு விழுந்தால் அவனுடைய பெர்மெசோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்கப்படாது, குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டி வரும். அவன் மேல் குற்றம் இல்லை. எடுக்கச் சொன்னது நான்.

இன்று படத்தை நானே கொண்டுவந்து ஒப்படைத்தேன். இரவு மணி அடிக்கும் வரை திறக்க வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டேன். சட்டம் மணிக்குக் காத்திராது என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துணியை அவிழ்த்துப் படத்தை விரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அதிகாரியும், தட்டச்சுக்காரரும், வேணுகாவும், பக்கத்து அறைப் பொலிசாரும் படத்தில் நிற்கும் சனத்தைப் போலவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சோற்று உருண்டைதான் குறைவு.

அதன் பிறகு அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். கத்தரீனா சுற்றி வைத்தால் அது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம், களவு அல்ல என்று சிஞ்ஞோரா சொன்னார். மீன்காரி பொலிசைக் கண்டு பயந்தாளா என்றும் கேட்டார். கட்டிலருகே நின்ற தமையன் மகன் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தைத் தேட ஒரு ஆள் இருப்பது நல்லதுதான். இரவு யூட்டுக்குப் போர்வையும் கோப்பியும் கொடுத்த அதிகாரிக்கும் நன்றி சொல்கிறேன்.

யூட்டை வெளியே விட்டார்கள்.

"பயந்திட்டியாடா?"

"பயந்தனான் அக்கா. இப்ப பசிக்குது."

கொண்டுவந்த இடியப்பப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் சொன்னதைச் சிஞ்ஞோராவிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

இவ்வளவும் என் வாயால் சொன்னவை. வேணுகா வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பகிடிகளை எடுத்துவிடவா என்று கேட்டார். அவையும் உண்மைதான், இருக்கட்டும் என்று சொல்லி, எழுத்துக் கூட்டிக் கையொப்பம் வைக்கிறேன்.

(ஒப்பம்) யா. கத்தரீனா