கடைசி ரூம் வாசப்படி

கிட்ட வந்து உக்காருங்க... விளக்கைக் கொஞ்சம் எறக்கி வைங்க. இது நம்ம மதுசனோட மாமாவுக்கு நடந்தது.

ராத்திரி பத்தே முக்கால். பெலிஹுல்ஓயா பக்கம், கெம்பஸுக்கு, அதான் யுனிவர்சிட்டிக்கு, மேல ஏறுற ஒத்தை ரோடு. அந்த மாமா, மேசன் வேலுசாமி, சந்திக் கடையில ரொட்டி தின்னுட்டு தனியா ஏறி வர்றாரு.

மேல, தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருந்து, இப்ப ஆளில்லாம கெடந்த பழைய லயத்த இடிச்சிட்டு, கெம்பஸ் பிள்ளைக தங்கிப் படிக்கப் போடிங் கட்டுறாங்க. இருபது ரூம். மொதலாளி ஜாபிர் சொல்லியிருந்தாரு: "ஒண்ணாந் தேதிக்கு முடிச்சுக் குடுங்க வேலுசாமி. ஒங்க மகளுக்கு ஒரு ரூம் என் பொறுப்பு." மக கோகிலாவுக்குக் கெம்பஸ் கெடச்சிருந்துச்சு. அவங்க லயத்துலயே கெம்பஸ் போற மொதப் பிள்ளை. அதுக்காகத்தான் மனுஷன் மாசக்கணக்கா ஒழுங்காத் தூங்கல.

அன்னைக்குச் சாயங்காலம் கடைசி ரூமுக்கு வாசப்படிக் கல்லு கொறைஞ்சிச்சு. இடிச்ச மண்ணுக்குள்ள ஒரு கருங்கல்லு... பொரட்டுனா அம்மி. நடுவுல தேஞ்சு குழி விழுந்த அம்மி. குழவியக் காணல. கல்யாணத்துல பொண்ணு ஒரு தடவ அம்மி மிதிக்கும், இந்த வீட்டுக்கு வந்துட்டேன்னு. மத்தபடி அதுல கால் படக் கூடாது. வேலுசாமிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா அலுப்பு... கவுத்துப் போட்டு, சுத்திச் சிமெந்து பூசிட்டாரு. நாளைக்கு வேற கல்லு மாத்திக்கலாம்னு.

இப்ப ரோட்டுல வர்றாரு. மொதல்ல வாசம். வறுத்த மல்லி... காஞ்ச மொளகா. அப்புறம் சத்தம். கறக்... கறக்... நிக்குது. தண்ணி தெளிக்குது. திரும்பக் கறக்...

கடைசி ரூம் கிட்ட வந்து, வாசப்படியில டோர்ச் அடிச்சாரு. ஒருத்தரும் இல்ல. கல்லு மட்டும் ஈரம். கவுத்துப் போட்ட கல்லு, குழி மேல தெரிய மல்லாந்து கெடக்கு. பூசின சிமெந்துல ஒரு கீறல் இல்ல.

பயம்தான். ஆனா பயத்தவிட அலுப்பு கூட. "தாயே, இப்ப ஏலாது. நாளைக்கு எடுத்துர்றேன்"னு சொல்லிட்டு, சாக்கு விரிச்சுப் படுத்துட்டாரு. மறுநாள் கொழாய் வேலை. அதுக்கடுத்து பெயின்ட். எடுக்கவே இல்ல.

ஒண்ணாந் தேதி. ஜாபிர் மொதலாளி சாவியக் குடுத்தாரு. கடைசி ரூம்.

"வேற ரூம் இல்லீங்களா?"

"எல்லாம் குடுத்தாச்சே வேலுசாமி."

கோகிலா செருப்பக் கழட்டிட்டு, வலது கால அந்தக் கல்லு மேல வெச்சு உள்ள போனா. வேலுசாமி பார்த்துக்கிட்டே நின்னாரு. மகளோட சிரிப்பப் பார்த்துட்டு, கல்லத் தாண்டிப் பெட்டிய உள்ள வெச்சாரு.

ஒரு கெழம கழிச்சுப் பார்க்கப் போனாரு. பிள்ளை கண்ணு உள்ள போயிருந்துச்சு.

"ராத்திரி நல்லாத்தான் தூங்குறேன்ப்பா. காலையில எந்திரிச்சா தோள் ரெண்டும் விட்டுப் போகுது. கையெல்லாம் எரியுது."

விரிச்சுக் காட்டினா. உள்ளங்கை செவப்பு. நகத்தடியில மஞ்சள்.

"நீ சமைக்கிறியாம்மா?"

"இல்லப்பா. கென்டீன்லதான் சாப்பிடுறேன்."

வேலுசாமி மெதுவாக் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பார்த்தாரு. அவ பொஸ்தகப் பைக்குப் பக்கத்துல, சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்துச்சு... கழுவின குழவி. இன்னும் தண்ணி சொட்டிக்கிட்டு.