இரண்டாம் தாள்

வாக்குமூலத்தை நானே கைப்பட எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்குக் காரணம், உங்கள் எழுத்தர் முதல் வரியிலேயே என் வயதைத் தப்பாகப் போட்டதுதான். எனக்கு இன்னும் ஐம்பத்தெட்டு ஆகவில்லை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிதான் ஆகிறது. சின்ன விஷயம் என்றார் அவர். முப்பத்தோரு வருடம் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவனிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

நான் நாவல் படிக்கிற ஆள் இல்லை. என் மனைவியும் போன வருடம் வரை அப்படித்தான் இருந்தாள். பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது யாரோ விட்டுப்போன சரித்திர நாவல் ஒன்றை எடுத்துப் புரட்டினாளாம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியவள், வாயில் பஞ்சோடு, இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, என் இரண்டு சட்டைகள் இஸ்திரியில் தீய்ந்தன. அவள் ஏதோ ஓர் இளவரசிக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடமாகத் தினமும் மாலையில், அன்று எந்த ஆவணக் கட்டைப் பிரித்தேன், அதில் என்ன பார்த்தேன் என்று அவளிடம் சொல்லி வந்திருக்கிறேன். “ம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் படித்துப் பார்த்தேன். தலையணை தடிமன். கதாநாயகன் ஒரே குதிரையில் மூன்று நாட்டைக் கடக்கிறான். குதிரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. காதலர்கள் எப்போது சந்தித்தாலும் பௌர்ணமி. கட்டி முடிக்க இன்னும் நாற்பது வருடம் இருக்கிற கோட்டையின் மதில்மேல் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்கள். பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். முதல் பாகத்தில் மட்டும் அறுபத்திரண்டு பிழைகள்.

பின்னட்டையில் எழுத்தாளரின் வலைப்பூ முகவரி இருந்தது. அதைத் திறந்தபோதுதான் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. வாடகை வாளோடு படம் எடுத்துப் போடும் ஒருவர். இடிந்த சுவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வரலாறு தன் காதோடு பேசியதாக எழுதும் இன்னொருவர். வரலாற்றுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். இவர் புத்தகத்தை அவர் ஆஹா என்பார். மறுவாரம் அவர் புத்தகத்தை இவர் ஓஹோ என்பார். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்ள, கீழே வாசகர்கள் வரிசை கட்டி நின்று கண்ணீர் விடுவார்கள்.

அந்த நாவலை எழுதிய, என் மனைவிக்குப் பிடித்த எழுத்தாளர் நாற்பது வயதுப் பெண். வாசகர்கள் அவரை அக்கா என்பார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த என் மனைவி உட்பட. அறுபத்திரண்டு பிழைகளையும் பின்னூட்டத்தில் போட்டேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நன்றி சொல்லி, மறுவாரமே காப்பகத்துக்கு நேரில் வந்துவிட்டார். முந்நூறு வருடத்துக் காகிதத்தை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். சிரித்தார். “நீங்க இல்லன்னா என் கதை எல்லாம் காத்துல பறந்திருக்கும்ண்ணே,” என்றார். வலைப்பூவில் எனக்கு ஆதார அண்ணன் என்று பெயர் வைத்தார். என் மனைவி அதைப் படித்துவிட்டு, முதல் தடவையாக, அன்று அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேட்டாள். அந்தச் சில மாதங்கள் நன்றாகவே இருந்தன.

அவருடைய மூன்றாவது நாவல் வந்தது. அதில் அரண்மனை ஓலைக் காப்பாளர் ஒருவர் வருகிறார். தேதியார் என்று பட்டப்பெயர். கோட்டை வாசல் தீப்பற்றி எரிகிறது. செய்தி கொண்டு ஓடிவரும் வீரனை நிறுத்தி, ஓலையில் தேதி ஒரு நாள் பிசகியிருக்கிறது என்கிறார் தேதியார். திருத்திக் கொடுப்பதற்குள் கோட்டை போய்விடுகிறது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்திலிருந்து இருநூற்று முப்பத்தொன்று வரை. என் மனைவி மூன்று நாள் சிரித்தாள். “அச்சு அசல் நீங்கதான். எவ்வளவு சரியா எழுதிட்டாங்க,” என்றாள். சரி என்ற சொல்லை என் வீட்டில் அதுவரை நான் மட்டும்தான் சொல்லிவந்தேன்.

இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்பீர்கள் என்பதற்காக எழுதினேன்.

அந்த எழுத்தாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகி செய்வதை நாற்பது நாள் தானும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவார். அதைத் தினமும் வலைப்பூவில் பதிவார். ஒரு நாவலுக்கு நாற்பது நாள் செருப்பில்லாமல் நடந்தார். இன்னொன்றுக்குத் தரையில் படுத்தார். நாலாவது நாவலின் அரசி முகத்துக்கு வெள்ளைப் பூச்சு பூசுகிறவள். அதைத் தயாரிக்கும் பக்குவம் பழைய ஆவணத்தில் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைத்தது. இரண்டு தாள், நடுவில் ஒரு நூல். முதல் தாளில் பக்குவம். இரண்டாம் தாளில் அரண்மனை வைத்தியர், அதைப் பூசிய மூன்று பெண்களுக்கு எந்தெந்த நாளில் என்னென்ன ஆனது என்று வரிசையாக எழுதி, இனி யாரும் தொடக் கூடாது என்று முடித்திருந்தார். நான் நூலை அவிழ்த்தேன். முதல் தாளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது பக்குவம். வைத்தியர் குறிப்பை அவர் கேட்கவில்லை.

“இதுல தப்பு ஏதும் இருக்காதே அண்ணே?”

“ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.”

இன்றைக்கும் அதையே சொல்வேன்.

நாற்பது நாள் அதைப் பூசப்போவதாக அவர் வலைப்பூவில் அறிவித்தார். நான்காம் நாள் ஒரு வாசகி, அந்தப் பூச்சில் சேர்க்கிற வெள்ளைப் பொடி விஷம் என்று கேள்விப்பட்டேன், வேண்டாம் அக்கா என்று எழுதியிருந்தாள். அதற்கு அவர் பதில் போட்டார்: “ஆதார அண்ணன் பார்த்துக் கொடுத்தது. அவர் சரின்னா சரிதான்.” அதை மூன்று முறை படித்தேன். நியாயமான பதில் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு இரண்டாம் தாளை மேசைமேல் விரித்துக்கொண்டு வலைப்பூவைத் திறப்பேன். ஒன்பதாம் நாள் முகம் பளபளக்கிறது என்றார். வைத்தியரும் ஒன்பது என்றுதான் சொல்லியிருந்தார். பதினேழில் வயிற்று வலி. ஏதோ சாப்பாட்டுக் கோளாறு என்று அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். இருபத்துநாலில் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை என்று தங்கையை விட்டு எழுதச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் சரி போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று நாவல் எழுதியவர், பிழையில்லாமல் எழுதியது அந்த முப்பத்துச் சொச்சம் பதிவுகளைத்தான்.

“அக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம். நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“நாற்பது நாள் முடியட்டும்,” என்றேன்.

ஆக, தெரிந்தேதான் செய்தேன். தடுக்க முப்பது காலைகள் இருந்தன. ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை. இதில் நீங்கள் திருத்த எதுவும் இல்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் விடுமுறை என்பதால் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி அறையிலிருந்து கைப்பேசியோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கக் கண்ணீர்.

“அக்கா போயிட்டாங்க. முப்பத்திநாலு நாள், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க…”

“முப்பத்திமூணு,” என்றேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் நான் கொண்டுவந்த ஒரு தாளை அவள் முழுதாகப் படித்தது அன்றுதான், நின்றுகொண்டே, கடைசி வரி வரைக்கும். பிறகு அதை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவ்வளவு பழைய காகிதத்தை மடிக்கவே கூடாது.

அவள் அறிவிப்பு வந்த நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். பூச ஆரம்பித்தது மறுநாள்தான். செய்தித்தாளிலும் முப்பத்துநாலு என்றே போட்டிருக்கிறார்கள். நீங்களாவது மாற்றிவிடுங்கள்.