கையெழுத்துப் போடாத சரிதா

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சரிதா அக்காவின் கணவர் மாதேஷ் அவர்களே, தளி மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் செவிலியர் பாப்பம்மா அவர்களே, ஓசூர்த் தோழர்களே, வணக்கம். நான் ஸ்வாதி. மென்பொருள் சோதனைப் பிரிவில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி.

அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். வாசலில் எங்கள் நிறுவனம் வைத்திருந்த மலர்வளையத்தைப் பார்த்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. ‘எங்கள் தரத்தின் தூண்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தூணைப் பிடுங்கி எறிந்தவர்கள் யார்?

சிறு மருத்துவமனைகளுக்கான மென்பொருள் அது. குழந்தையின் எடையைப் பதிந்தால் மருந்தின் அளவைச் சொல்லும். எடையைத் தப்பாகப் பதிந்துவிட்டுத் திருத்தினாலோ எடை மாறும், மருந்தின் அளவு மாறாது! எங்கள் பிரிவின் தலைவராக இருந்த சரிதா அக்கா இதைக் கண்டுபிடித்தார். வெளியிடலாம் என்று கையெழுத்துப் போட மறுத்தார்.

நிர்வாக இயக்குநர் கமலக்கண்ணன் எங்கள் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். “அட்சய திருதியைக்குன்னு நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. இப்பப் போயி நிறுத்தச் சொல்றியேம்மா! அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்.”

“வீட்ல ஒரு துக்கம்னா கல்யாணத்தையே தள்ளி வெக்கிறோம் சார். இது கொழந்தைங்களுக்குப் போற மருந்து. அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் அதுங்க காய்ச்சல் காத்துக்கிட்டு இருக்குமா?”

மறுநாளே அக்காவை வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். வேறொருவர் கையெழுத்துப் போட்டார். குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து வெளியிட்டார்கள். வெட்கமாக இல்லையா?

அடுத்த வாரம் தளியிலிருந்து பாப்பம்மா அழைத்தார். எடுத்தது அக்கா. “ஏம்மா, எட்டுக் கிலோ கொழந்த இது. மொதல்ல இருபத்தெட்டுன்னு தப்பாப் போட்டுட்டேன். திருத்தியும் மருந்து பெரிய புள்ளைக்குக் குடுக்கறாப்ல காட்டுதே?”

“குடுக்காதீங்க! ஊசியக் கீழ வெய்யிங்க! டாக்டரக் கையால கணக்குப் போடச் சொல்லுங்க!”

அந்தக் குழந்தை பிழைத்தது. அக்கா அதோடு நிற்கவில்லை. தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்து எச்சரித்தார். “போனக் கீழ வை” என்று மேலாளர் கத்தினார். வைக்கவில்லை. மாலையில் வேலை போயிற்று. நிறுவனத்தின் பெயரைக் கெடுத்துவிட்டாராம்! கெடுத்தது அவரா?

அதன் பிறகு இங்கே ஒரு கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டார்கள். வேலை கேட்டுப் பெங்களூருக்குப் போன பேருந்திலேயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அவமானம்தான் கொன்றது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அவரைத் தனியாக விட்டவர்கள் இன்று தூண் என்று பூ வைக்கக் கூடாது! மாதேஷ் அண்ணா, அந்த மலர்வளையத்தை எடுத்துவிடச் சொல்லி நீங்கள் கேட்டது நியாயம். எடுத்துவிட்டோம்.

அக்காவுக்குச் செய்யும் மரியாதை என்ன? சொல்கிறேன். அதே பிழையோடு புதிய பதிப்பு இன்று காலை எங்கள் மேசைக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு வெளியிட வேண்டுமாம். சோதனைப் பிரிவில் நாங்கள் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டோம். எங்களையும் வேலையை விட்டு அனுப்புவார்களா? அனுப்பட்டும். அதுவரை, சரியாகாமல் வந்தால் நாளையும் திருப்பி அனுப்புவோம்!